மீற்றர் போர்ட்டில் விளக்கு எரிகிறதா? சாமான் வாங்குவதற்கு முன் ரீகோல் பாருங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கம் வீட்டுத் தேவைக்கு ஓடும் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானில் யாரோ சில வருடம் ஓடிவிட்டுக் கொடுத்தவை. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறக்கும்வரை புது வரவு இல்லாததால், இருந்த விட்ஸும் ஃபிட்டும் அக்குவாவும் வேகன் ஆரும்தான் கைமாறிக் கைமாறி ஓடுகின்றன. நான் வாகன மின்வேலை செய்பவன். என்னிடம் வரும் முறைப்பாடுகளில் ஒரு பகுதி தேய்மானமே அல்ல, வண்டியைச் செய்த நிறுவனமே பிழையை ஒப்புக்கொண்டு இலவசமாகத் திருத்தித் தருகிறோம் என்று ரீகோல் அறிவித்தவை. அந்தக் கடிதம் ஜப்பானில் இருந்த உரிமையாளரின் வீட்டுக்குப் போயிருக்கும், விசுவமடுவில் இருக்கும் உங்களுக்கு வராது. ஒரே பிழைக்கு கராஜ் கராஜாக ஏறி இறங்கி, அதே சாமானைத் திரும்பத் திரும்ப மாற்றுகிறவர்களைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வண்டியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லாரும் வாசியுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் சேசிஸ் நம்பர்

வாகனப் பதிவுப் புத்தகத்தில் சேசிஸ் நம்பர் இருக்கும். வண்டியிலும் பொனற்றைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்பக்கத் தகட்டிலோ, கதவுத் தூணிலோ, சில வண்டிகளில் முன் இருக்கைக்குக் கீழேயோ அடித்திருப்பார்கள். இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். ஒன்றில்லை என்றால் ரீகோல் கிடக்கட்டும், அந்தப் பிரச்சினையை முதலில் தீருங்கள்.

ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த வண்டிகளுக்கு 17 எழுத்து நம்பர் கிடையாது. முதலில் ஜிபி5, கேஎஸ்பி90 என்பது போல மாடல் குறியீடு, நடுவில் ஒரு சிறு கோடு, பிறகு ஆறு அல்லது ஏழு இலக்கம். இதை அமெரிக்கத் தளங்களில் போட்டால் அது ஏற்காது, அதைப் பார்த்துவிட்டு "என்னுடைய வண்டிக்கு ரீகோல் இல்லை" என்று நினைத்துவிடாதீர்கள். டொயோட்டா, ஹொண்டா, சுசுகி, நிசான் என்று ஒவ்வொரு நிறுவனத்தின் ஜப்பான் தளத்திலும் ரீகோல் தேடும் பக்கம் இருக்கிறது. ஜப்பான் மொழியில்தான் இருக்கும், போனில் மொழிபெயர்ப்பைப் போட்டுவிட்டு மாடல் குறியீட்டையும் இலக்கத்தையும் கொடுங்கள். உங்கள் வண்டி எந்த ரீகோலில் அகப்பட்டது, அந்த வேலை செய்தாயிற்றா இல்லையா என்று வரும். அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் செய்த ஆல்டோ போன்றவற்றுக்கு 17 எழுத்து நம்பர்தான், அவற்றை மாருதியின் இந்தியத் தளத்தில் பார்க்க வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. ஜப்பான் பதிவில் "செய்தாயிற்று" என்று இருந்தாலும், இங்கே வந்த பிறகு வண்டி அடிபட்டு வேறு வண்டியில் கழற்றிய சாமானைப் போட்டிருந்தால் அந்தப் பதிவுக்கு அர்த்தமில்லை.

## எயார்பேக் விளக்கு

### திறப்பைப் போட்டதும் எரிந்து, சில விநாடியில் அணைகிறது

சரி, அப்படித்தான் இருக்க வேண்டும். அடுத்த பெரிய தலைப்புக்குப் போங்கள், அது உங்களுக்கும் உரியது.

### திறப்பைப் போட்டால் எரியவே இல்லை

பலர் இதை நல்லதென்று நினைக்கிறார்கள். எயார்பேக் வெடித்த பிறகு புதிது போடாமல், விளக்கை மட்டும் மறைத்து விற்ற வண்டிகளில் இப்படி இருக்கும். வேறு விளக்கின் வயரோடு கட்டி, அதோடு சேர்ந்து எரிந்து அணையும்படி செய்ததும் உண்டு. நீங்கள் வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. எயார்பேக் பகுதியை வாசிக்கக்கூடிய ஸ்கானர் (வண்டியின் கணினியில் பதிந்த பிழையை வாசிக்கும் கருவி) உள்ள இடத்தில் காட்டுங்கள். வண்டி வாங்குமுன் என்றால் விலை பேசாமல் திரும்பி வாருங்கள்.

### எரிந்தபடியே நிற்கிறது

முதலில் முன் இருக்கைகளுக்குக் கீழே பாருங்கள். மஞ்சள் நிறச் சொக்கற் ஒன்று இருக்கும். இருக்கையை முன்னும் பின்னும் தள்ளும்போதும், கீழே உரப்பையையோ தேங்காயையோ திணிக்கும்போதும் அது தளர்ந்துவிடும். கையால் அசைத்துப் பார்க்க முன் பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி குறைந்தது மூன்று நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தைக் குறைக்காதீர்கள், உள்ளே மின்சாரம் சிறிது நேரம் தேங்கி நிற்கும்.

அடுத்தது பற்றரி. எஞ்சின் ஸ்ரார்ட் பண்ணும்போது மின்னழுத்தம் கீழே விழுந்தால் சில வண்டிகளில் இந்த விளக்கு நினைவில் நின்றுவிடும்.

ஹோர்னும் அடிக்கவில்லை, அல்லது ஸ்ரேரிங்கில் உள்ள பொத்தான்களும் வேலை செய்யவில்லை என்றால் ஸ்ரேரிங்குக்குள் சுருண்டிருக்கும் கேபிள் அறுந்திருக்கிறது. இது மாற்றக்கூடிய சாமான், ஆனால் எயார்பேக்கைக் கழற்றித்தான் போட வேண்டும், வீட்டு வேலை அல்ல. இவை எதுவும் இல்லையென்றால் பார்க்க வேண்டியது பெல்ட் கொழுவும் பூட்டின் சுவிட்ச், அதற்குப் பிறகு முன்பக்க மோதல் உணரி, கடைசியாகத்தான் கட்டுப்பாட்டுப் பெட்டி.

எயார்பேக்கின் வயரில் மீற்றர் வைத்து அளக்கவோ, சோதனை பல்ப் பிடித்துப் பார்க்கவோ யாரையும் விடாதீர்கள். அந்தச் சிறிய மின்னோட்டமே அதை வெடிக்க வைக்கலாம்.

## எந்த விளக்கும் இல்லை, ஆனால் வண்டி பழையது

தக்காட்டா எயார்பேக்கைப் பற்றி நம்மூரில் பேசுவது குறைவு, பேச வேண்டியது நிறைய. இதற்கு அறிகுறியே கிடையாது. விளக்கு எரியாது, ஸ்கானரில் வராது, ஓட்டும்போது ஒன்றும் தெரியாது.

தக்காட்டா என்ற ஜப்பான் நிறுவனம் செய்த எயார்பேக்குகளில் காற்றை ஊதும் உலோகக் குடுவைக்குள் அமோனியம் நைட்ரேட் இருந்தது. பல வருடம் வெயிலிலும் ஈரத்திலும் கிடந்தால் அது கெட்டு, மோதல் நடக்கும்போது அளவுக்கு மீறி வெடித்து, குடுவையே உடைந்து இரும்புத் துண்டுகள் ஓட்டுபவரின் முகத்துக்கும் கழுத்துக்கும் பாயும். உலகம் முழுக்க ஏறத்தாழ 10 கோடி குடுவைகள் ரீகோலில் அகப்பட்டன, 2017 ஜூனில் நிறுவனமே வங்குரோத்தானது. அமெரிக்காவுக்கு வெளியே இதனால் வந்த முதல் சாவு 2014இல் மலேசியாவில், ஒரு ஹொண்டா சிற்றியில். மலேசியாவின் வெயிலையும் புழுக்கத்தையும் வன்னிக்குச் சொல்லித் தெரியத் தேவையில்லை. வைகாசி மாதம் வற்றாப்பளைக்குப் போய் நாள் முழுக்க வெளியில் நிறுத்திய காருக்குள் கையை வைத்துப் பார்த்தவருக்கு டாஷ்போர்ட் எவ்வளவு சுடும் என்று தெரியும். மாரியில் அதே கார் வாரக்கணக்கில் ஈரம் குடித்தபடி நிற்கும்.

பழைய விட்ஸ், கொரோலா, ஹொண்டா ஃபிட் ஆகியவற்றில் பல இந்தப் பட்டியலில் இருந்தன. ஒரே வருடத்து இரண்டு ஃபிட்களில் ஒன்று அகப்பட்டு மற்றது அகப்படாமலும் இருக்கலாம், சேசிஸ் நம்பர்தான் சொல்லும். 2018 மே முதல் ஜப்பானில் ஆபத்துக் கூடிய தக்காட்டா எயார்பேக்கை மாற்றாத வண்டிகளுக்கு அங்குள்ள கட்டாயப் பரிசோதனையில் அனுமதி கொடுக்கவில்லை. ஆனால் அதற்கு முன் கப்பல் ஏறி வந்தவை இங்கே ஏராளம்.

மாற்றவில்லை என்று வந்தால்:

உங்கள் வண்டியைச் செய்த நிறுவனத்தின் கொழும்பு முகவருக்குச் சேசிஸ் நம்பரையும் நீங்கள் எடுத்த படத்தையும் எழுத்தில் அனுப்பிக் கேளுங்கள். ரீகண்டிஷன் வண்டி என்றதும் நீங்களாகவே "செய்ய மாட்டார்கள்" என்று முடிவெடுத்து விடாதீர்கள், கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். அதுவரை, பயணி பக்க எயார்பேக்தான் அகப்பட்டதென்றால் முன் இருக்கையில் யாரையும் ஏற்றாதீர்கள், அம்மாவையும் பிள்ளைகளையும் பின்னால் இருத்துங்கள். ஓட்டுபவர் பக்கம் என்றால் அந்த வண்டியைத் தேவைக்கு மட்டும் எடுங்கள், இருக்கையைப் பெடல் எட்டும் அளவுக்குப் பின்னால் தள்ளுங்கள். வண்டியை நிழலில் விடுவது கெட்டுப்போனதைத் திருத்தாது, மேலும் கெடுவதைக் குறைக்கும்.

கழற்றி விற்கும் கடையில் மலிவாக எயார்பேக் வாங்கிப் போடாதீர்கள். அதே வயதுள்ள வண்டியில் கழற்றிய அதே குடுவையாகவும் இருக்கலாம். தெரிந்த பையன் கழற்றித் தருவான் என்று அவனிடமும் விடாதீர்கள், கையில் வெடித்தால் அவனுடைய உயிர்.

## பிரேக் விளக்குகள்

### சிவப்பு விளக்கு

ஹாண்ட் பிரேக் முழுதாக இறங்கியதா என்று பாருங்கள். பிறகு பிரேக் ஒயில் மட்டம். மட்டம் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டுப் போவதுதான் வழக்கம், அது தவறு. ஒன்றில் பிரேக் பாட் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் எங்கோ ஒழுகுகிறது. சில்லுகளின் உள்பக்கத்தைப் பாருங்கள், ஈரம் தெரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள். மூடியில் டொட் 3 என்று எழுதியிருந்தால் அதுவோ டொட் 4ஓ மட்டும், வேறு எந்த ஒயிலும் ஒரு துளிகூட விழக் கூடாது, ரப்பர் எல்லாம் ஊதிவிடும்.

### மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு

சாதாரண பிரேக் பிடிக்கும், சில்லு இறுகுவதைத் தடுக்கும் வேலை மட்டும் நின்றிருக்கும். எங்கள் பக்கம் இதற்கு மிகப் பெரிய காரணம் சேறு. வெள்ளம் பாயும் வீதியைக் கடந்த மறுநாள் வந்தால் சில்லுக்குப் பின்னால் உள்ள உணரியைக் கழுவித் துடைத்துப் பாருங்கள். அறுவடைக் காலத்தில் வீதியில் கிடக்கும் வைக்கோல் சுற்றி அந்த வயரை இழுத்து அறுப்பதும் உண்டு. நெல் மூட்டை உள்ள வீட்டில் வண்டி நிற்கிறதென்றால் எலியையும் சந்தேகியுங்கள். இவை எதுவும் இல்லையென்றால் ஸ்கானர் போட்டு எந்தச் சில்லு என்று பார்த்த பிறகே உணரி வாங்குங்கள்.

### ஹைபிரிட்: விளக்கு எரிந்து தொடர்ந்து சத்தம் போடுகிறது

நிறுத்துங்கள். அக்குவாவிலும் பிரியஸிலும் இது பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும் தொகுதி பழுதாவதைக் காட்டும். பெடல் இறுகி, வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். இரவில் ஏ9 வீதியில் மாடு படுத்திருக்கும் இடங்களை நினைத்துப் பாருங்கள், "மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம்" என்பதற்கு இடமில்லை, ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். இது சட்டென்று வருவதுமில்லை. பிரேக்கை மிதிக்காமல் வண்டி சும்மா நிற்கும்போதே பொனற்றுக்குள் "ர்ர்ர்" என்று ஒரு பம்ப் அடிக்கடி ஓடி ஓடி நிற்கத் தொடங்கினால் அது முன்னறிவித்தல். அப்போதே காட்டுங்கள். இந்த வண்டிகளில் பிரேக் ஒயில் மாற்றுவதற்கும் பெரும்பாலும் ஸ்கானர் தேவை, பெடலை மிதித்து மிதித்துக் காற்றெடுக்கும் பழைய முறையில் செய்து கெடுத்தவற்றையும் பார்த்திருக்கிறேன்.

பிரியஸ் 30 (மூன்றாம் தலைமுறை பிரியஸ்) வைத்திருப்பவர்கள் பிரேக் மென்பொருளுக்காக 2010இல் ஒரு ரீகோல் இருந்ததையும் சேசிஸ் நம்பர் போடும்போது சேர்த்துப் பாருங்கள்.

## ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் நிற்கிறது

### திரும்ப ஸ்ரார்ட் பண்ணும்போது "டக் டக்" மட்டும்

பற்றரி முனையைக் கையால் திருகிப் பாருங்கள். திரும்பினால் அதுதான். வெள்ளைப் பூசணம் போல் படிந்திருந்தால் சுடுநீர் ஊற்றிக் கழுவி இறுக்குங்கள்.

### எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை

ஒருவரைத் திறப்பைப் போடச் சொல்லிவிட்டு நீங்கள் பின் இருக்கையில் காதை வையுங்கள். இரண்டு விநாடி மெல்லிய இரைச்சல் கேட்டால் பெற்றோல் பம்ப் ஓடுகிறது. கேட்கவில்லை என்றால் முதலில் பியூஸ், அடுத்து ரிலே, அதன் பிறகே பம்ப். கலனில் நீண்ட நாள் கிடந்த பெற்றோலை ஊற்றினீர்களா என்பதையும் யோசியுங்கள். 2022 தட்டுப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் சேர்த்து வைக்கும் பழக்கம் பலரிடம் ஒட்டிக்கொண்டது, அந்தப் பெற்றோல் கெட்டுவிடும்.

### சூடானதும் நின்று, ஆறியதும் ஓடுகிறது

பற்றவைக்கும் கொயிலாக இருக்கலாம், கிராங்க் உணரியாக இருக்கலாம், பம்பாகவும் இருக்கலாம். பம்ப் வாங்க முன் ரீகோல் பாருங்கள், ஏனென்றால் டென்சோ நிறுவனம் செய்த பெற்றோல் பம்புகளில் உள்ளே சுழலும் பிளாஸ்ரிக் தட்டு ஊதி இறுகிவிடுகிறது என்று 2020 முதல் டொயோட்டாவும் ஹொண்டாவும் பல கட்டமாக, இலட்சக்கணக்கில் வண்டிகளைத் திருப்பி அழைத்தன. அது அகப்பட்ட வண்டிக்குக் கழற்றிய பழைய பம்பை வாங்கிப் போட்டால் அதே பிழையைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில், பின்னால் பஸ் வரும்போது எஞ்சின் நிற்பது சின்ன விஷயமல்ல. ஒருமுறை நின்றால் அடுத்த நீண்ட பயணத்துக்கு முன் காட்டுங்கள்.

## ஹைபிரிட்டில் சிவப்பு முக்கோணம்

முதலில் செய்ய வேண்டியதற்கு ஒரு சதமும் செலவில்லை. பின் இருக்கைப் பக்கம், அக்குவாவில் இருக்கையின் கீழ்ப்பகுதியில், சிறு துவாரங்கள் உள்ள மூடி இருக்கும். பெரிய பற்றரியைக் குளிர வைக்கும் காற்று அதனூடாகத்தான் போகிறது. எங்கள் கிரவல் வீதிகளில் ஓடிய வண்டியில் அதைக் கழற்றினால் உள்ளே செம்மண் கம்பளம் விரித்தது போல் இருக்கும். வலையை எடுத்துத் தட்டி, காற்றடித்துச் சுத்தம் பண்ணுங்கள். மின்விசிறியின் இறகிலும் மண் அடைத்திருந்தால் அதைக் கழற்றக் கராஜ் வேண்டும். அந்தத் துவாரத்தின் மேல் அரிசிப் பையோ படுக்கை விரிப்போ வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். பற்றரி போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லிக் கொண்டுவந்த வண்டிகள் இந்தச் சுத்தத்தோடு சரியாகிப் போயிருக்கின்றன, எல்லாமும் அல்ல, ஆனால் அந்தப் பெரிய செலவுக்கு முன் இதைச் செய்யாமல் விடக் கூடாது.

அடுத்தது இன்வேட்டரின் (பெரிய பற்றரியின் மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டி) கூலன்ட். ரேடியேற்றரின் போத்தலல்ல, அதற்கென்று தனியாக ஒன்று இருக்கிறது, பலர் அதைப் பார்ப்பதே இல்லை. பிரியஸில் வண்டியை இயக்க நிலையில் வைத்து அந்தப் போத்தலுக்குள் பாருங்கள், நீர் அலைய வேண்டும். அசையாமல் நின்றால் சிறு தண்ணீர்ப் பம்ப் போயிருக்கிறது. அது இன்வேட்டரை விடப் பல மடங்கு மலிவு.

இரண்டும் சரி, வேகமாக முடுக்கும்போது விளக்கு வந்து வண்டி தவழுகிறது என்றால் பிரியஸ் 30க்கு 2014 பெப்ரவரி ரீகோலைப் பாருங்கள். உலகம் முழுக்க 19 இலட்சம் வண்டிகள். மென்பொருள் அமைப்பினால் இன்வேட்டருக்குள் சில பாகங்கள் அதிகமாகச் சூடாவதுதான் பிழை. 2018 ஒக்டோபரில் அதையொட்டி இன்னொரு ரீகோலும் வந்தது. மென்பொருளை மாற்றாமல் இன்வேட்டரை மட்டும் மாற்றினால் அது திரும்பவும் வரக்கூடும்.

செம்மஞ்சள் நிறக் கேபிள் எதையும் தொடாதீர்கள். அந்த இடத்திலிருந்து பயிற்சி பெற்றவர்தான்.

## சூட்டு முள் ஏறுகிறது

வண்டியை ஓரங்கட்டி, ஏசியை நிறுத்தி, ஆறும்வரை ரேடியேற்றர் மூடியைத் தொடாதீர்கள். முன்பக்க வலையில் வைக்கோலும் பூச்சியும் அடைத்திருக்கிறதா, விசிறி சுற்றுகிறதா, கூலன்ட் இருக்கிறதா, கீழே ஒழுகியிருக்கிறதா என்று அந்த வரிசையில் பாருங்கள். அவசரத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றலாம், ஆனால் எங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு கூட, கேத்திலில் படிவது ரேடியேற்றரிலும் படியும், ஊர் வந்ததும் அதை வடித்துவிட்டுக் கூலன்ட் போடுங்கள். இவை எல்லாம் சரியென்றால் மூடி, தேர்மொஸ்டாற், தண்ணீர்ப் பம்ப். ஒயில் பாற்தேத்தண்ணி நிறமானாலோ, வெள்ளைப் புகை நிற்காமல் போனாலோ ஹெட் காஸ்கட் (எஞ்சின் தலைக்குக் கீழுள்ள அடைப்புத் தகடு) போயிருக்கிறது, அதோடு ஒரு கிலோமீற்றரும் ஓடாதீர்கள்.

## ஃபிட், வெசெல் ஹைபிரிட்: எடுக்கும்போது உதறுகிறது, கியர் விளக்குகள் மின்னுகின்றன

2013 செப்டெம்பரில் வந்த ஜிபி5 ஃபிட்டுக்கு 2014 ஒக்டோபருக்குள் ஐந்து ரீகோல்கள். அவற்றில் பல இந்த இரட்டைக் கிளச் கியர்பெட்டியின் மென்பொருளுக்காக. ஆகவே முதலாவது வேலை எல்லா ரீகோலும் முடிந்ததா என்று பார்ப்பது. முடிந்திருந்தும் உதறினால், வண்டியை அக்சிலேற்றரில் தாங்கி நிறுத்தும் பழக்கத்தை விடுங்கள், குழி வீதியில் பாதி மிதியில் தவழ்வதுதான் கிளச்சைச் சுட வைக்கிறது. அதிக சூடு என்று அறிவித்தல் வந்தால் பார்க்கிங்கில் போட்டு ஆற விடுங்கள். அப்புறம் ஸ்கானர் வைத்துக் கிளச்சுக்குத் திரும்ப அளவு பழக்குவது, அதற்கும் மசியாவிட்டால் கிளச் தொகுதி. கடைசியில் சொன்னதற்கு இலட்சங்கள் போகும், இந்தக் கியர்பெட்டியைத் திறந்து பழகிய ஒருவரிடம் அன்றி வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள், வவுனியாவில் இல்லையென்றால் கொழும்புக்கு ஏற்றிப் போவதே மலிவு.

## கராஜில் விடும்போது

ஸ்கானரில் வந்த பிழைக் குறியீட்டை அழிக்குமுன் எழுதித் தரச் சொல்லுங்கள், கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள், பற்றுச்சீட்டில் சேசிஸ் நம்பரும் போட்ட சாமான் புதிதா கழற்றியதா என்பதும் இருக்கட்டும். சீட்டில்லாமல் வேலை செய்வித்துவிட்டுப் பிறகு போய் நிற்க முடியாது. சீட்டிருந்தால், ஏமாற்றியது தெரிந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லலாம்.